கண்ணா, ரத்தமா, கொப்பியா, பனையா? ஒக்டோபரில இருந்து எங்கட கழகம் என்ன செய்யிறது

நல்லூர்க் கொடி இறங்கியாச்சு, யூலை 1 பொறுப்பெடுத்த புது நிர்வாகத்துக்குப் பொன்னாடை போத்தின போட்டோவும் எல்லாரும் பாத்தாச்சு, இனி வேலைக்கு வருவம். வாற மாதக் கூட்டத்தில ஒரு முடிவு எடுக்கவேணும், ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் முடியுமட்டும் நாங்கள் எதைப் பெரிய வேலையாக் கையில எடுக்கிறது எண்டு. பொருளாளர் அக்கா சொன்ன கணக்குப்படி இருக்கிற காசு ஒரு பெரிய வேலைக்கும் ஒரு சின்ன வேலைக்கும் தான் காணும், வெளிநாட்டில இருக்கிற பழைய உறுப்பினர் ஆரும் மனம் வைச்சா இன்னொண்டும் பாக்கலாம். நாலு யோசினை வந்திருக்கு: கண் கேம்ப், இரத்ததானம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு கொப்பி பை குடுக்கிறது, பனை விதை நடுறது. வாட்ஸ்அப் குரூப்பில ஆளாளுக்கு ஒண்டைச் சொல்லி, அதுக்குள்ள ஆருக்கோ பிறந்தநாள் வந்து கேக் படமும் கைகூப்பிற படமுமா எல்லாம் மேல போயிட்டுது, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன். என்ர விருப்பம் எது எண்டதையும் மறைக்கேல்ல, வாசிக்க விளங்கும்.

எல்லாரும் முதல்ல கேக்கிறது எவ்வளவு முடியும் எண்டு. அது கேக்கவேண்டியது தான், ஆனா எங்களிட்ட காசை விடக் கூட இருக்கிறது வேற ஒண்டு. பென்ஷன் எடுத்த ரீச்சர்மார், பாங்கில இருந்து ரிட்டயர் ஆன அண்ணைமார், சொந்தமா வான் வைச்சிருக்கிற ரெண்டு மூண்டு பேர், காலமை பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிச்சுப்போட்டு மத்தியானச் சாப்பாடு வருமட்டும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருக்கிற என்னைப்போல ஆக்கள். கிழமை நாளில பகல் நேரம் சும்மா இருக்கிற ஆக்கள் இவ்வளவு பேர் உள்ள இடம் ஊரில வேற எங்க இருக்கு, சொல்லுங்கோ. அதை வைச்சுச் செய்யக்கூடிய வேலை எது எண்டு தான் நான் பாக்கிறன்.

கொப்பி பை விசயத்தை முதல்ல முடிச்சுவிடுவம், ஏனெண்டா எனக்கு அதில பெரிய விருப்பமில்லை. பாடப்புத்தகம் அரசாங்கம் சும்மா குடுக்குது, சீருடைத் துணியும் குடுக்குது, மிச்சம் கொப்பி, பை, சப்பாத்து. அதுக்குத்தான் லண்டன் ஊர்ச்சங்கம், கனடா பழைய மாணவர் சங்கம், இங்கத்தைக் கழகங்கள் எண்டு எல்லாரும் வருஷ முடிவில வரிசையில நிக்கினம். றோட்டுக்கரையில இருக்கிற, பேர் தெரிஞ்ச பள்ளிக்கூடத்துக்கு மூண்டு பக்கத்தால பை போகும், உள்ளுக்க ஒழுங்கைக்குள்ள நாப்பது பிள்ளையோட இருக்கிற பள்ளிக்கூடத்தை ஆரும் எட்டிப் பாக்கிறேல்ல. பிறகு அந்த மேடை. பிள்ளையைக் கூப்பிட்டு, பையை இந்தப் பக்கம் நாங்கள் அஞ்சு பேர் பிடிச்சு, அந்தப் பக்கம் அது ஒரு கையால பிடிச்சு, கமராவைப் பார் எண்டு சொல்லி, அந்தப் பிள்ளை தகப்பன் இல்லாத பிள்ளை எண்டு மைக்கில வேற சொல்லி. தன்ர வகுப்புப் பிள்ளையளுக்கு முன்னால அது நிக்கிற நிலையைப் பாத்த ஆருக்கும் அடுத்த வருஷமும் இதைச் செய்யவேணும் எண்டு வராது. செய்யத்தான் வேணுமெண்டா அதிபரிட்ட காசோலையைக் குடுத்து, ஆருக்குப் போகுது எண்டதை அவரே பாக்கட்டும், எங்களுக்கு ஒரு ரசீது காணும். இல்லாட்டி தூரத்தில இருந்து ஏ.எல் (உயர்தரம்) படிக்க வாற பிள்ளை ஒண்டுக்கு சைக்கிள் வாங்கிக் குடுக்கலாம், அது உழைக்கும். ஆனா எங்கட கழகத்தின்ர மூண்டு மாச முழு வேலையா இதைப் போடுறதுக்கு நான் கை தூக்கமாட்டன்.

பனை விதை வேற கதை. இதில எனக்கு ஆசை இருக்கு எண்டாலும் பெரிய வேலை எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டா காசும் ஆக்களும் அவ்வளவு தேவைப்படாது. மரநடுகை எண்டு எங்கட பக்கத்தில நடக்கிறதில கனக்க கண்டு நட்ட அண்டைக்குக் குடிச்ச தண்ணியோட சரி, அடுத்த பங்குனி வெயிலுக்கு அந்த இடத்தில ஒரு தடி தான் நிக்கும். பனைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. விதையைத் தாட்டுவிட்டா மாரி மழையே காணும், முதல்ல வேர் கீழ போய் கிழங்கு விட்டுப் பிறகு தான் மேல ஓலை காட்டும், அதால வெயிலுக்குத் தாங்கும். இந்த மாசம் விழுற பழத்தைப் பொறுக்கினா விதை சும்மா, மழை பிடிக்க முன்னம் ரெண்டு ஞாயிறு காலமை போனா முடியும். சண்டைக் காலத்தில பங்கருக்கு எண்டு எத்தினை வடலி, எத்தினை மரம் போனது எண்டது எங்கட வயசு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிக்கல் எங்கயெண்டா, ஒண்டு, காணி. கடற்கரையோரமோ குளக்கட்டோ எண்டா பிரதேச சபையிட்டயும் பிரதேச செயலகத்திலயும் எழுத்தில கேக்கவேணும், சொல்லாமல் நட்டா நாளைக்கு மண் தோண்டுற பெக்கோ மெஷின் ஒண்டு வந்து வழிச்சுப்போடும். ரெண்டு, பனங்கிழங்கு. நெருக்கித் தாட்டா தை மாசம் ஆரோ வந்து கிண்டி அவிச்சுத் தின்னப் போகினம், அதில பிழை சொல்லவும் ஏலாது, நானெண்டாலும் கிண்டுவன். தள்ளித் தள்ளி நடவேணும். பேந்து அது காய்க்க பன்னிரண்டு பதினைஞ்சு வருஷம், ஆண்பனையா பெண்பனையா எண்டு அப்ப தான் தெரியும். கார்த்திகை எங்கட மாகாணத்தில மரநடுகை மாதம், அதுக்கு முன்னம் இதை முடிச்சா நல்லம். ஞாயிற்றுக்கிழமை வேலையா, வீட்டில பிள்ளையள் பேரப்பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போற மாதிரி வைப்பம், பட்ஜெட்டில தண்ணிப் போத்தலும் பணிசும் தவிர ஒண்டும் வேண்டாம்.

இப்ப உண்மையான போட்டி ரெண்டுக்குள்ள தான். ரத்ததானம், கண்.

ரத்ததானத்தின்ர பலம் என்னெண்டா செலவு குறைவு, பலன் உடன. ரத்த வங்கி ஆக்கள் தாங்களே சாமானோட வருவினம், நாங்கள் மண்டபம், மின்விசிறி, குடிக்கிறதுக்கு ஏதும், பிறகு முக்கியமா குடுக்கிற ஆக்கள், இவ்வளவும் ஒழுங்கு செய்தாச் சரி. 18க்கும் 60க்கும் இடைப்பட்ட சுகதேகி, அடையாள அட்டையோட வந்தாக் காணும், இரும்புச்சத்தை அவையே குத்திப் பாப்பினம். எடுக்கிறது அரை லீற்றருக்கும் குறைவு. அந்த ஒரு பையைப் பிரிச்சு செங்குழியம், பிளேட்லெட், பிளாஸ்மா எண்டு மூண்டு பேருக்கும் ஏத்தலாம். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில பிள்ளைப்பேறு, விபத்து, ஒப்பரேஷன், தெல்லிப்பழையில புற்றுநோய் ஆக்கள், எல்லாத்துக்கும் வேணும். தெல்லிப்பழையை நினைச்சா எனக்கு எப்பவும் ஒண்டு ஞாபகம் வரும், 2011இல தெற்கில தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை மட்டும் நடந்து காசு சேர்த்தெல்லோ அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியைக் கட்டினவை. நாங்கள் ஒரு மண்டபத்துக்குள்ள மின்விசிறிக்குக் கீழ கை நீட்டுறது ஒரு பெரிய விசயமே இல்லை.

ஆனா நாள் பிழைச்சா முழுதும் பிழைச்சுப்போம், இதை ஒருத்தரும் குரூப்பில எழுதேல்ல. ஒருக்கா குடுத்தா அடுத்த நாலு மாசத்துக்கு அந்த ஆளிட்ட எடுக்கமாட்டினம். வாற செப்டெம்பர் கடைசியில செய்வம், கெதியா முடியும் எண்டு குரூப்பில ஒரு அண்ணை சொல்லுறார், அப்பிடிச் செய்தா எங்கட ஆக்கள் திரும்பக் குடுக்கிறதுக்கு ஜனவரி கடைசி ஆயிடும். எங்கட பக்கத்தில டெங்கு ஏறுறது எப்ப? மாரியோட நவம்பரில தொடங்கி டிசம்பர், ஜனவரி. அந்த நேரம் ரத்தம் குடுக்கக்கூடிய ஆக்களிலயும் பாதி காய்ச்சலோட கிடப்பினம், வெள்ளமெண்டா கேம்புகளும் தள்ளிப்போகும். டெங்கு எண்டா எல்லாருக்கும் பிளேட்லெட் ஏத்தவேணும் எண்டு நினைக்கவேண்டாம், டொக்டர்மார் நீர்க்கணக்கைத் தான் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பாப்பினம், ரத்தம் தேவைப்படுறது ரத்தக்கசிவு வந்த ஆக்களுக்கு. எண்டாலும் மற்ற நோயாளியள் மழையைப் பாத்து நிக்கமாட்டினம் தானே. அதோட செங்குழியம் குளிருக்குள்ள ஐஞ்சு ஆறு கிழமை தான் நிக்கும், பிளேட்லெட் ஐஞ்சு நாள். செப்டெம்பரில குடுத்த பிளேட்லெட் டிசம்பரில தெல்லிப்பழையில இருக்கிற பிள்ளைக்கு எப்பிடி உதவும்?

அதால என்ர எண்ணம் ரத்ததானம் டிசம்பரில வைக்கவேணும். டிசம்பரிலயும் எந்த நாள் எண்டது அடுத்த கரைச்சல். எங்கட ஆக்களுக்கு ஐப்பசி தொடங்கினா விரதம் விரதமா வரும், கௌரிக்காப்பு 21 நாள், தீபாவளி முடிய கந்தசஷ்டி ஆறு நாள், அது முடிஞ்சு மூச்சு விட பிள்ளையார் பெருங்கதை இன்னொரு 21 நாள், பிறகு திருவெம்பாவை. ஒரு நேரச் சாப்பாட்டோட வந்து ரத்தம் குடுத்தா அந்த இடத்திலயே தலை சுத்தி விழுவினம், பிறகு அவை மட்டுமில்லை, பாத்துக்கொண்டு நிண்டவையும் அடுத்தமுறை வராயினம். பஞ்சாங்கத்தையும் ஏ.எல் சோதினை நாளையும் பக்கத்தில வைச்சு (சோதினை நேரம் பள்ளிக்கூட மண்டபம் கிடைக்காது, சனசமூக நிலையம் தான்) ரத்த வங்கியோட கதைச்சு, அவைக்கு எந்தக் கிழமை கையிருப்புக் குறையும் எண்டு கேட்டு நாள் எடுப்பம். எங்களுக்கு வசதியான ஞாயிறை நாங்களே தீர்மானிச்சுப்போட்டு அவையைக் கூப்பிடுறது தலைகீழ்.

எல்லாம் சேர்த்துப் பாத்தா ரத்ததானம் ஒரு நாள் வேலை, நல்லா ஒழுங்கு செய்த ஒரு நாள். சின்ன வேலை எண்ட இடத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

கண்ணுக்கு வருவம். உலகத்தில எங்களைப்போல கழகங்களுக்கும் கண்ணுக்கும் பழைய தொடர்பு, 1925இல ஹெலன் கெல்லர் அம்மையார் அமெரிக்காவில ஒஹாயோவில நடந்த லயன்ஸ் மாநாட்டில வந்து நிண்டு, பார்வையில்லாத ஆக்களுக்காக நீங்கள் இறங்கவேணும் எண்டு நேராக் கேட்டவ, அண்டையில இருந்து லயன்ஸ்காரர் கண்ணை விடேல்ல. றோட்டரிக்காரர் போலியோவை ஒழிக்கிற வேலையைப் பிடிச்ச மாதிரி. எங்கட நாட்டில 1961இல ஹட்சன் சில்வா தொடங்கின கண்தானச் சங்கம் வேற, இலங்கைக் கண் எத்தினை நாட்டுக்குப் போயிருக்கு. ஆனா ஒரு விசயம் குழப்பக்கூடாது, தானமாக் கிடைக்கிற கண்ணில இருந்து எடுக்கிறது முன்னுக்கு இருக்கிற கருவிழிப் படலம், அது கண்புரைக்கு மருந்தில்லை. கண்புரை எண்டது உள்ளுக்க இருக்கிற வில்லை பழுப்பேறி மங்கிறது, அதைக் கண்ணாடியாலயோ சொட்டு மருந்தாலயோ தெளிவாக்க ஏலாது, எடுத்துப்போட்டு செயற்கை லென்ஸ் வைக்கிறது ஒண்டு தான் வழி. எங்கட ஊரில வயசுபோன ஆக்கள் பார்வை மங்கிப்போய் இருக்கிறதுக்கு முக்கியமான காரணம் இது, அதோட அரசாங்க ஆஸ்பத்திரியில இலவசமாச் செய்யிற ஒப்பரேஷன்.

இலவசம், ஊரிலயே இருக்கு, அப்ப ஏன் ஆக்கள் குருடா இருக்கினம்? முந்தி நடந்த ஒரு கேம்பில பேர் பதிஞ்ச ஒரு அம்மாவைப் பிறகு வேற அலுவலாப் போன இடத்தில கண்டன். கேம்பில குடுத்த கடிதம் என்னாச்சு எண்டு கேட்டன். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுப் போய் பிள்ளையார் படத்துக்குப் பின்னால கையை விட்டு எடுத்துக்கொண்டு வந்தா. நாலா மடிச்சபடி, ஒரு மூலையில திருநீறு, கிளினிக் நாள் போய் கனகாலம். ஏனம்மா போகேல்ல எண்டதுக்கு, "ஆர் ராசா என்னைக் கூட்டிக்கொண்டு போறது, மோன் கனடாவில, மருமோள் வேலைக்குப் போறவள், ஓட்டோவுக்குக் குடுத்தாலும் அங்க எந்தக் கதவெண்டு எனக்குத் தெரியுமே" எண்டா. மகன் காசு அனுப்புறான். காசில்லை பிரச்சினை.

ஒரு கண்புரை ஒப்பரேஷனுக்கு எத்தினை தரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் எண்டு கணக்குப் பாருங்கோ. முதல் கிளினிக், பிறகு லென்ஸ் அளவெடுக்க, சீனி பிரஷர் ஈசிஜி பாக்க, பிறகு ஒப்பரேஷன், அடுத்த நாள் கட்டவிழ்த்துப் பாக்க, ஒரு கிழமையில, ஒரு மாசத்தில. சீனி கூடவெண்டா ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவினம், அப்ப இன்னும் ரெண்டு. பேந்து வீட்டில ஒரு மாசத்துக்கு மேல சொட்டு மருந்து நேரத்துக்கு விடவேணும், கண்ணைக் கசக்கக்கூடாது, தண்ணி படக்கூடாது. ஒவ்வொரு தரமும் கூட ஒரு ஆள் வேணும், அதுவும் கிழமை நாள் பகலில. அந்த ஆள் தான் எங்களிட்ட நிறைய இருக்கிற சாமான்.

அதால நான் சொல்லுற கண் வேலை வழமையான கேம்ப் மாதிரி இல்லை. வழமையானது எப்பிடியெண்டா, பெரிய பனர், ஒரு நாள், நூற்றுக்கணக்கில ஆக்கள், நாப்பது வயசு தாண்டினவைக்கு வாசிக்கிற கண்ணாடி, கண்புரை உள்ளவைக்கு ஒரு கடிதம், பின்னேரம் நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டு வீட்ட போறது. கண்ணாடி குடுக்கிறது பிழையில்லை, ஊசியில நூல் கோர்க்க ஏலாமல் இருந்த ஆள் அந்த இடத்திலயே கோர்த்துக் காட்டும்போது சந்தோஷமாத்தான் இருக்கும். கடிதத்தில தான் வேலை நிண்டுபோகுது. நான் கேக்கிறது ஒக்டோபர் ரெண்டாவது வியாழன் உலகப் பார்வை நாள், அந்தக் கிழமையில ஒரு சின்ன முகாம், அதில பிடிபடுற கண்புரை ஆக்களில எங்களால கூட்டிக்கொண்டு போகக்கூடிய அளவு பேரை மட்டும் எடுத்து, ஒரு உறுப்பினருக்கு ரெண்டு பேர் எண்டு பிரிச்சு, கடைசிக் கிளினிக் முடியுமட்டும் அந்த ஆள் பொறுப்பு. ரிப்போர்ட்டில எண்ணிக்கை சின்னனாத் தெரியும் எண்டு தலைவர் யோசிப்பார், மேலிடத்துக்கு, கழக மாவட்டத்துக்கு அனுப்பேக்க இருநூறு பேர் பயனடைந்தனர் எண்டு எழுதினா வடிவு தான். இருநூறு கடிதம் படத்துக்குப் பின்னால இருந்தாலும் அப்பிடித்தான் எழுதுவம்.

தனியார் ஆஸ்பத்திரியில காசு கட்டிக் கெதியாச் செய்விச்சா என்ன எண்டு ஒருத்தர் கேட்டவர். செய்யலாம், ஆனா இருக்கிற காசுக்கு சில பேருக்குத் தான் காணும், அதே காசை வான் எண்ணெய்க்கும், சாப்பாட்டுக்கும், எப்பவாவது வெளியில வாங்கச் சொல்லுற மருந்துக்கும் வைச்சா அரசாங்கக் கிளினிக்கால கன பேரைக் கொண்டுபோகலாம். காத்திருக்கவேணும், அது உண்மை. ஒரு கண் ஏற்கெனவே போய் மற்றதும் மங்கிற ஆள் ஆரும் இருந்தா அவருக்கு மட்டும் தனியாரை யோசிப்பம்.

எங்க வைக்கிறது எண்டதில தான் சண்டை வரப்போகுது. நெடுந்தீவு எண்டு பாதிப் பேர் சொல்லினம். நெடுந்தீவு ஆக்களுக்குத் தேவை இருக்கு, அதில கதையே இல்லை, ரவுணில இருந்து குறிகட்டுவானுக்கு பஸ்ஸில ஒரு மணித்தியாலத்துக்கு மேல, அங்கால படகில இன்னொரு மணித்தியாலம் மட்டில, காத்து எழும்பினா அதுவும் இல்லை. சோழகக் காத்து அடங்கி வாடைக் காத்து பிடிக்க முன்னம் ஒக்டோபரில கடல் கொஞ்சம் ஆறுதலா இருக்கும் எண்டதும் சரி. ஆனா முகாம் நாளைக்கு நாங்கள் போய் வரலாம், பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் அந்த வயசுபோன ஆள் படகேறி வந்து, பின்னேரப் படகு தவறினா இரவு ரவுணில எங்க படுக்கிறது? ஒப்பரேஷன் செய்த கண்ணோட அலையில தூக்கித் தூக்கிப் போடுற படகில அடுத்த நாளே ஏத்தி அனுப்புறதோ? அதுக்கு ரவுணில ஒரு கிழமை தங்க ஒரு வீடு, சமைக்க ஒரு ஆள் வேணும். அது இல்லாமல் நெடுந்தீவுக்குப் போறது கட்டைக்குதிரை பாத்து, பெருக்குமரத்துக்குக் கீழ நிண்டு படம் எடுத்துக்கொண்டு வாற பிக்னிக் தான், அப்பிடியெண்டா நேரா பிக்னிக் எண்டே சொல்லிப் போவம், நானும் வாறன்.

என்ர தெரிவு வேலணை, புங்குடுதீவுப் பக்கம். பண்ணைப் பாலத்தால வான் நேரா வீட்டு வாசலுக்குப் போகும், இளம் ஆக்கள் வெளிக்கிட்டுப்போய் வயசுபோனதுகள் தனிய இருக்கிற வீடு அங்க ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கு. நெடுந்தீவில இருந்து ரெண்டு மூண்டு பேரை மட்டும் எடுத்து, எங்கட உறுப்பினர் ஆரும் ஒரு அறை தந்தா அவையை வைச்சுப் பாத்துச் செய்வம், அது சரிவந்தா அடுத்த வருஷம் பெரிசாப் போகலாம். ஆக்களைத் தெரிவு செய்யிறதுக்கு விதானையாரையும் (கிராம அலுவலர்) அந்தப் பகுதி குடும்பநல மருத்துவமாதுவையும் கேட்டாச் சரி, ஆர் வீட்டில ஆர் தடவித் தடவி நடக்கினம் எண்டு அவைக்குத் தெரியும்.

அதோட முகாமிலயே சீனியும் பாக்கவேணும். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள் வருகுது, அதுக்கெண்டு தனியா ஒரு ஊர்வலம் வைக்கிறதை விட இதோட சேர்க்கிறது புத்தி, ஏனெண்டா சீனி கூடின ஆக்களுக்கு கண்ணின்ர பின்பக்கத் திரையில ரத்தக்குழாய் பழுதாகிறது ஆரம்பத்தில ஒண்டும் தெரியாது, நோவும் இல்லை, தெரிய வரேக்க கனக்கப் போயிருக்கும், போனதை ஒப்பரேஷனாலயும் முழுக்கத் திருப்பி எடுக்க ஏலாது. செலவு ரத்தத்தில சீனி பாக்கிற கீற்றும் (ஸ்ட்ரிப்) மெஷினும் தான். எங்கட உறுப்பினரே எத்தினை பேர் கண்ணின்ர பின்பக்கம் காட்டியிருக்கிறியள் எண்டு கூட்டத்தில கேப்பன், முகம் சுளிக்காதேங்கோ.

ஆக, கூட்டத்தில நான் முன்மொழியப் போறது: கண் பெரிய வேலை, டிசம்பரில ரத்ததானம் சின்ன வேலை, பனை ரெண்டு ஞாயிறு, கொப்பிக்கு ஒரு காசோலை போனாப் போகுது. மாறி நினைக்கிறவை வாங்கோ, கதைப்பம், முக்கியமா நெடுந்தீவு எண்டு நிக்கிறவை தங்கிறதுக்கு இடம் சொல்லிக்கொண்டு வாங்கோ. கண்ணுக்குக் கை தூக்கப்போற ஆக்கள் மூண்டு விசயம் எழுதிக்கொண்டு வந்தா அண்டைக்கே லிஸ்ற் போடலாம்: கிழமையில எந்தப் பகல் வரலாம், வாகனம் இருக்கோ, பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கில காலமை நம்பர் எடுக்க வெள்ளன எழும்பிப் போக ஏலுமோ. கந்தசஷ்டி பிடிக்கிறவையும் சொல்லிவிடுங்கோ, அந்த ஆறு நாளும் மற்ற ஆக்களைப் போடவேணும்.